புலவரும் மரபும் அவையும்: பெரியபுராணம் பிறந்த வரலாறு

ஒரு பெருங்காப்பியம் எங்கே பிறக்கிறது என்று வினவினால், புலவன் உள்ளத்தே பிறக்கிறது என்றே பெரும்பாலார் விடை கூறுவர். மேனாட்டு உளநூலாரும் நெடுங்காலம் புலவனுடைய அறிவையும் மனத்தையுமே அளந்து வந்தனர். பின்னர் வேறொரு நெறி தோன்றிற்று. உயிர்நூற் புலவராகிய லுட்விக் வான் பெர்ட்டலான்பி (1901–1972) என்பார், உறுப்புக்களைத் தனித்தனியே பிரித்து ஆராய்வதால் முழுமை விளங்காது. அவை ஒன்றையொன்று பற்றி இயங்கும் முறைமையை நோக்குதல் வேண்டும் என்றார். ‘சிஸ்டம்ஸ் தியரி’ என வழங்கும் இம்முறைமைக் கோட்பாட்டின் வழிநின்று படைப்புத் தொழிலை ஆராய்ந்தவர், அங்கேரி மரபினராய் அமெரிக்காவிற் பணிபுரிந்த மிகாய் சிக்சென்ட்மிகாயி (1934–2021). படைப்பாற்றல் யாது என்று வினவுவதை விடுத்து, அஃது எங்கே உள்ளது என்று 1988-ஆம் ஆண்டில் அவர் வினவினார். தனி மனிதன் ஒருவன். அவன் கற்ற துறை ஒன்று. அத்துறையிற் புதியதைக் கொள்ளவும் தள்ளவும் உரிமையுடைய குழு ஒன்று. இம்மூன்றும் ஒன்றையொன்று தாக்கும் சுழற்சியிலேயே படைப்பு நிகழ்கிறது என்பது அவர் துணிபு.

இதனைக் கற்றபோது எனக்கு வியப்பினும் மகிழ்ச்சியே மிக்கது. புலவன், மரபு, அவை என்னும் மூன்றனையும் நம் முன்னோர் பிரித்து வைத்ததில்லை. நூலின் முகப்பில் அவையடக்கம் கூறுவதும், பிறர்பாற் சிறப்புப்பாயிரம் பெறுவதும், அரங்கேற்றுவதும் வெறுஞ் சடங்குகள் என இக்காலத்தார் கருதுகின்றனர். அவை சடங்குகள் அல்ல. நூல் நூலாவதற்குரிய வழியே அவைதாம். இதற்குத் திருத்தொண்டர் புராணத்தின் வரலாற்றினும் சிறந்த சான்று வேண்டா.

முதற்கண் மரபை நோக்குவோம். ஆரூரில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் பாடியருளிய திருத்தொண்டத்தொகை பதினொரு திருப்பாட்டுக்களே உடையது. அதில் அடியார் ஒவ்வொருவருக்கும் கிடைத்த இடம் பெயரளவே. சிலர்க்கு ஓர் அடைமொழியும் உண்டு. நம்பியாண்டார் நம்பிகள் அதனைத் தம் திருவந்தாதியில் வகுத்து விரித்தார். கண்ணப்பர் வரலாற்றை நக்கீரதேவ நாயனாரும் கல்லாடதேவ நாயனாரும் தனித்தனியே பாடி வைத்தனர். இவையெல்லாம் குன்றத்தூர்ச் சேக்கிழார் கைக்கு வந்த பழம்பொருள்கள். தொகையின் பதினொரு பாட்டுக்களையும் பதினொரு சருக்கங்களாக்கி, ஒவ்வொரு பாட்டின் முதற்றொடரையே சருக்கத்தின் பெயராகவும் அவர் வைத்தார். முன்னே திருமலைச் சருக்கத்தையும் பின்னே வெள்ளானைச் சருக்கத்தையும் சேர்த்து, கயிலையிற் றொடங்கிக் கயிலையில் முடியும் சுந்தரர் வரலாற்றினுள் மற்றையோர் வரலாறுகள் அனைத்தையும் அடக்கினார். பெயர்ப்பட்டியல் காப்பியமானது இங்ஙனமே. ஒரு சொல்லையும் முன்னோர்க்கு மாறாக வையாமல் முற்றிலும் புதியதொன்றைச் செய்தார் என்பதே இதன் அருமை.

அவையோ, அவர் பிறப்பதற்கு முன்னரே ஆயத்தமாயிற்று. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் முழக்க இருவரையும் அமர்த்திய செய்தியைக் கல்வெட்டிற் காண்கிறோம். சம்பந்தர், அப்பர், சுந்தரர், சிறுத்தொண்டர் முதலியோர் செப்புத் திருமேனிகளும் அக்கோயிலுக்கு அளிக்கப்பெற்றன. ஆகவே, சேக்கிழார் எழுத்தாணியை எடுத்தபோது நாட்டு மக்களுக்கு அடியார் புதியவர் அல்லர். மன்னனுக்குத்தான் அவர்கள் சேய்மையராய் இருந்தனர் போலும். அநபாயன் எனப்பெறும் இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) சமண காவியமாகிய சிந்தாமணியில் ஈடுபட்டிருந்தான் என்றும், அமைச்சராகிய சேக்கிழார் அவனை அடியார் வரலாற்றின்பால் திருப்பினார் என்றும், அவன் வேண்டத் தில்லை ஆயிரக்கால் மண்டபத்திருந்து நூலை இயற்றினார் என்றும் சேக்கிழார் புராணம் கூறும். சித்திரைத் திருவாதிரையில் தொடங்கிய அரங்கேற்றம் மறுசித்திரைத் திருவாதிரையில் நிறைவுற்றதாம். ஓராண்டு முழுதும் ஒரு நூலைக் கேட்ட அவையை எண்ணிப் பார்மின்! பின்னர் அவையோர் அதனைப் பன்னிரண்டாந் திருமுறையாக ஏற்றனர். சேக்கிழார் புராணம் உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்குவது, நிகழ்ச்சிக்குப் பிற்பட்டது. ஆதலின் ஒவ்வொரு செய்தியையும் அவ்வாறே வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. ஆயினும், நூல் ஏற்கப்பட்ட கதையை நூல் இயற்றப்பட்ட கதையோடு ஒப்ப வைத்து ஒரு சமூகம் போற்றி வந்தது என்பது மறுக்கவொண்ணாத வரலாறு.

தில்லைக்கூத்தன் ‘உலகெலாம்’ என முதல் எடுத்துக் கொடுத்த அருளிப்பாட்டுக்கு இம்முறைமைக் கோட்பாட்டில் இடம் எங்கே என்று அன்பர் சிலர் வினவுவர். இடம் இல்லை. மரக்கால் நெல்லை அளக்கும், மணத்தை அளவாது. ஆனால் ஒன்று கருதத்தக்கது. இறைவன் கொடுத்ததாக நம்மவர் கூறுவது ஒரு சொல்லே. நாலாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களைச் சேக்கிழார் உழைப்புக்கே அவர்கள் விட்டுவிட்டனர்.

சுழற்சி அத்துடன் நிற்கவில்லை. இரண்டாம் இராசராசன் எடுத்த தாராசுரம் திருக்கோயிலிற் சிற்பிகள் நாயன்மார் வரலாறுகளைப் பெயர்ப்பொறிப்புடன் சிறு சிறு கற்பலகைகளில் செதுக்கினர். 1852-இல் ஆறுமுக நாவலர் பெரியபுராண வசனத்தை அச்சிட்டார். புலவன் செய்த புதுமை இங்ஙனம் பிறர்க்கு மரபாயிற்று.

மரபான பின் அதற்குக் காவலரும் உளர். அவ்விடத்தேதான் இடரும் உளது. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றினார். அடிமைகொண்ட வேதியர் ஒருவரை நந்தனார்க்கு ஆண்டையாக வைத்தார். சேக்கிழார் நூலில் அவ்வேதியர் இல்லை. மூலத்தினின்று விலகியமையும், சொற்குற்றங்கள் இருந்தமையும் கருதி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சிறப்புப்பாயிரம் அளிக்கத் தயங்கினார். பாரதியார் பன்முறை வந்தும் பயன் இல்லை. ஒருநாள் அவர் திண்ணையிலமர்ந்து தம் கீர்த்தனையைத் தாமே பாடிக்கொண்டிருக்க, பிள்ளையவர்கள் அதனைக் கேட்டு உருகிப் பாயிரம் அளித்தார் என்பதை உ. வே. சாமிநாதையர் எழுத்தால் அறிகிறோம். பிள்ளையவர்கள் கண்ட குற்றங்கள் பொய்யல்ல. ஆயினும் செவிக்கு எட்டியபின் அவர் தம் தீர்ப்பை மாற்றிக்கொண்டார். பெருமை அதுவே.

யானும் பல்லாண்டுகட்கு முன், நூல்களைத் தேரும் மூவருள் ஒருவனாய் ஓரவையில் இருந்தேன். ஓர் இளைஞர் தம் சிற்றூர்க் கோயிலுக்குத் தலபுராணம் பாடிக் கொணர்ந்தார். யாப்பு சிலவிடத்து வழுவியிருந்தது. வடமொழி மூலத்தில் இல்லாத, ஊர்க் கிழவியர் கூறிவந்த கதையொன்றை நடுநாயகமாக வைத்திருந்தார். குற்றங்களை எண்ணிக் காட்டி ஏட்டைத் திருப்பிக் கொடுத்தோம். பாடிக் காட்டட்டுமா என்று அவர் கேட்டார், பொழுதில்லை என்றேன். சென்ற ஆண்டு அவ்வூர் வழியே செல்ல நேர்ந்தபோது அக்கதையை வினவினேன். சொல்லுவார் ஒருவரும் இலர். கையெழுத்துப்படி யாதாயிற்று என்பதும் அவர் வீட்டார்க்குத் தெரியவில்லை.