எங்கள் வீட்டு டாட்ஜ் வண்டி

ஊர்களுக்கு வரலாறு உண்டு, கோயில்களுக்கும் உண்டு. பழைய வண்டி ஒன்றுக்கு வரலாறு எழுதப் புகுவதா என்று இம்மலரைக் கையில் எடுக்கும் அன்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் நம் குடியிருப்பின் மூத்த குடும்பங்களுள் அவ்வண்டியில் ஒருமுறையேனும் ஏறாதவர் மிகச் சிலரே ஆவர். பொங்கலுக்குக் கரும்புக் கட்டுகள் வந்தது அதில். புதுமணப் பெண்கள் பூனா நிலையத்திலிருந்து வந்து இறங்கியதும் அதில். ஆதலின் துணிந்து எழுதுகின்றோம். எழுதுவோர் ஒருவர் அல்லர். அவ்வண்டிக்கு உரியவராய் இருந்தவரின் மக்கள் மூவேம். ஒருவர் எழுத, மற்ற இருவரும் அடித்துத் திருத்தியது இக்கட்டுரை. திருத்தத்தில் தீராத சில இடங்களை அப்படியே விட்டிருக்கின்றோம்.

எம் தந்தையார் வட ஆர்க்காட்டிலிருந்து 1941ஆம் ஆண்டு, அந்நாளில் கிர்க்கி என வழங்கிய கட்கிக்கு வந்தார். இராணுவப் பட்டறை ஒன்றில் பிட்டர் வேலை. போர் முடிந்து ஆட்குறைப்பு வந்தபோது ஊருக்குத் திரும்பாமல், இரவல் மாட்டுவண்டியில் செங்கல் ஏற்றிப் பிழைத்தார். 1949இல் இராணுவத்தார் கழித்த வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. தம் கையாலேயே பழுது பார்த்துப் பழகிய வண்டி வகை ஒன்று அவ்வரிசையில் நிற்பதைக் கண்டு, அம்மாவின் மூன்று வடச் சங்கிலியை அடகு வைத்து அதனை ஏலத்தில் எடுத்தார். அன்று அம்மா இரவு உணவு உண்ணவில்லை என்று பாட்டியார் பின்னாளில் சொல்லக் கேட்டோம்.

அவ்வண்டியின் பிறப்பைச் சிறிது கூறவேண்டும். இரண்டாம் உலகப்போரில் ஜீப் வண்டி பெற்ற புகழை அதன் அண்ணன் பெறவில்லை. ஜீப் கால் டன் வண்டி. அதன் அண்ணனாகிய டாட்ஜ் முக்கால் டன் வண்டி. அமெரிக்காவில் டெட்ராயிட் நகரை அடுத்த தொழிற்சாலையில் 1942 முதல் 1945 வரை செய்யப்பட்டது. டபிள்யூ.சி. 51 என்பது வகைப்பெயர். முன்புறம் இழுவைக் கப்பி பூட்டியது 52. இவ்விரு வகையும் சேர்ந்து 1,80,000க்கு மேல் செய்யப்பட்டன. படைவீரர் இதனை வெப்பன் கேரியர் என்றனர். நம்மவர் நாவில் அது ‘வெப்பன்’ என்று சுருங்கிற்று. மராட்டிய அன்பர்கள் ‘டாஜ்’ என்றார்கள். ஆறு சிலிண்டர், 92 குதிரைத் திறன். சாதாரண லாரிகளில் பின்சக்கரங்கள் மட்டுமே தள்ளும். இதிலோ ஒரு சிறு நெம்பை இழுத்துவிட்டால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். சேற்றில் பின்சக்கரம் சுழன்று புதையும்போது முன்சக்கரம் கெட்டித் தரையைப் பற்றிக்கொள்ளும். இந்த ஒரு காரியத்துக்காகவே அவ்வண்டி பிறந்தது என்று அப்பா சொல்வார்.

அது பிறந்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்பவை. ஆதலின் ஓட்டும் சக்கரம் இடப்பக்கம் இருந்தது. போதாக்குறைக்கு உதிரிச் சக்கரமும் ஓட்டுபவர் ஏறும் பக்கத்திலேயே தொங்கியது. எனவே அப்பா வலப்பக்கமாக ஏறி, இருக்கையின்மேல் நகர்ந்து தம் இடத்துக்குச் செல்வார். பம்பாய்ச் சாலையில் முன்னே செல்லும் மாட்டுவண்டியைக் கடக்கவேண்டுமானால், எதிரே வருவது அவர் கண்ணுக்குத் தெரியாது. வலப்பக்கத்தில் அமர்ந்த எங்களுள் ஒருவர் எட்டிப் பார்த்து, “போகலாம் அப்பா” என்று சொல்லவேண்டும். ஏழு வயதுக் குழந்தையின் சொல்லை நம்பி ஒரு லாரியைக் கடந்தவர் அவர். “இரு அப்பா” என்று சொல்லவேண்டிய இடத்தில் எங்களுள் ஒருவர் ஒருமுறை பேசாதிருந்துவிட்ட கதையும் உண்டு. அவர் அதை இங்கு எழுதக்கூடாது என்று அடித்துவிட்டார்.

அமெரிக்க வண்டி கட்கிக்கு எப்படி வந்தது என்று இளைஞர்கள் கேட்கின்றனர். சீனத்துக்கும் பர்மாவுக்கும் போர்ப்பொருள் செல்லும் வாயிலாக அந்நாளில் இந்தியா இருந்தது. குத்தகைக் கடன் முறையில் இந்தியப் படைக்கும் அமெரிக்க வண்டிகள் வழங்கப்பட்டன. போர் முடிந்தபின் அவற்றைத் திரும்பக் கொண்டுசெல்வது வீண்செலவு. 1946இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, இங்குத் தேங்கிய பொருள்களை அமெரிக்கா இந்திய அரசிடமே விட்டுச்சென்றது. அவை ஏலத்துக்கு வந்தன. புதிய லாரி வாங்க வகையற்ற எத்தனையோ பேர் அவ்வேலங்களால்தான் முதலாளிகள் ஆயினர். உதிரிப் பொருளுக்கும் பெருந்தட்டு இல்லை. 1944இல் தோன்றிய பிரீமியர் நிறுவனம் டாட்ஜ், பார்கோ லாரிகளைப் பம்பாயில் பூட்டி விற்றது. அங்குக் கிடைக்காதது சோர் பஜாரில் கிடைத்தது.

கிடைக்காதது பெட்ரோலுக்குப் பணமே. ஒரு காலனுக்கு எட்டு மைல் ஓடினால் அன்று திருநாள். குளிர்கால விடியலில் முன்னே இரும்புக் கைப்பிடியைச் சொருகிச் சுழற்றினால்தான் அது விழிக்கும். அந்த உறுமலைக் கேட்டு எழுந்தே நம் குடியிருப்பில் பலர் ஆலைச் சங்குக்கு முன் குளித்தனர்.

அப்பா எங்களுக்கு ஒரு கதை சொல்வதுண்டு. தம் வண்டி அஸ்ஸாமில் லீடோவிலிருந்து பாங்சாவ் கணவாய் வழியாகப் பர்மாவுக்குள் சென்றது என்பார். 1943ஆம் ஆண்டு மழையில், தளபதி ஸ்டில்வெல் போட்ட சாலையில், இடுப்பளவு சேற்றில் குண்டுபட்ட வீரரைச் சுமந்து வந்தது என்பார். சான்றாகக் கதவருகே பச்சை வண்ணத்தைச் சுரண்டி, அடியில் இருந்த வெள்ளை நட்சத்திரத்தைக் காட்டுவார். பள்ளியில் நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமை கொண்டோம். மூத்தவன் ஒரு கட்டுரைப் போட்டியில் இதையே எழுதிப் பரிசும் பெற்றான்.

இனி 1961ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாளைப் பூனாவில் இருந்த எவரும் மறவார். பான்ஷேத் அணை மண்ணால் ஆனது. முற்றுப்பெறாத நிலையிலேயே அப்பருவத்து மழைநீர் அதில் தேங்கிற்று. அணை தளர்வதைக் கண்டு, முந்திய இரவு படைவீரர்கள் மணல்மூட்டை அடுக்கிப் போராடினர். காலையில் அது உடைந்தது. அதன் வெள்ளம் கீழேயிருந்த கடக்வாஸ்லா அணையையும் உடைத்தது. முட்டா ஆறு நகருக்குள் புகுந்தது. லக்டி புல் மூழ்கியது. பேட்டைகளில் வீடுகள் மண்ணாய்க் கரைந்தன. “பாணி ஆலே, பாணி ஆலே” என்ற கூக்குரலோடு மக்கள் மேட்டை நோக்கி ஓடினர் என்று செய்தி வந்தது. கடக்வாஸ்லா நீரையே நம்பியிருந்த நகரம் அது. ஊரெல்லாம் வெள்ளம் பாய்ந்த மறுநாள், குழாயில் ஒரு சொட்டு இல்லை.

நாங்கள் அப்பொழுது பள்ளிச் சிறுவர். நம் குடியிருப்புக்கு வெள்ளம் வரவில்லை. அப்பா அன்று காலை பிம்ப்ரிப் பக்கம் கருங்கல் ஏற்றப் போயிருந்தார் என்றே எண்ணியிருந்தோம். இரவு வெகுநேரம் கழித்து, மார்பளவு சேறு காய்ந்த உடையோடு வந்தார். “எங்கே போயிட்டு வர்றீங்க?” என்று அம்மா கேட்க, “ரோடு சரியில்லை” என்றார். அவ்வளவே. அடுத்த மாதம் கருங்கல் ஒப்பந்தம் வேறொருவருக்குப் போயிற்று; முன்செய்த வேலைக்கான கூலியும் முழுதாக வரவில்லை. அம்மாவின் கழுத்தில் சங்கிலி இல்லாததை எங்கள் தங்கைதான் முதலில் கண்டாள். வண்டிக்கு ஏதோ பெரிய செலவு என்று நினைத்துக்கொண்டோம்.

1983இல் அப்பா மறைந்தார். காரியத்தன்று, நாங்கள் அறியாத மராட்டியர் ஒருவர் வந்து வாயிலில் செருப்பைக் கழற்றி நின்றார். வெள்ளத்தில் வீடிழந்தோர்க்கென அமைந்த கோகலே நகரில் குடியிருப்பவர். அவர் சொன்னதைத் தமிழில் தருகின்றோம். 1961இல் அவருக்குப் பதினான்கு வயது. சிவாஜிநகரில் ஆற்றை ஒட்டிய தெருவில், ஒரு கூரைமேல் பாட்டியோடு அமர்ந்திருந்தார். மற்ற வண்டிகள் தெருமுனையிலேயே நின்றுவிட, நட்சத்திரம் போட்ட பச்சை வண்டி ஒன்று சேற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. மராட்டியைத் தமிழ்போல் பேசிய ஒருவர் கயிற்றோடு இறங்கினார். பாட்டியோ தையல் இயந்திரத்தை விட்டு வரமாட்டேன் என்று கூரையைப் பற்றிக்கொண்டார். அது ஒன்றே அவர்கள் பிழைப்பு. அப்பா வாக்குவாதம் செய்யவில்லையாம். முதலில் சிறுவன், பிறகு பாட்டி, மூன்றாம் முறை தலைமேல் தையல் இயந்திரம். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அதே வண்டி பீப்பாய்களில் கிணற்றுநீர் கொண்டுவந்தது. காசு கொடுத்தவரிடம் வாங்கவில்லை. “அந்த இயந்திரம் இன்றும் ஓடுகிறது” என்று கூறி அவர் எழுந்தார்.

அம்மாவிடம் கேட்டோம். “அவரே சொல்லலே, நான் எதுக்குச் சொல்லணும்?” என்றார். மறுநாள் தம் பெட்டியிலிருந்து கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து எங்கள்முன் வைத்தார். அம்மா நாலாம் வகுப்பே படித்தவர். ஆயினும் நாள் தவறாமல் வண்டிக்கணக்கு எழுதினார். 1961 ஜூலை 12 முதல் 20 முடிய ஒன்பது நாள்களுக்கும் பெட்ரோல் செலவு உண்டு. வரவுப் பத்தியில் ஒன்பது கோடுகள். ஆகஸ்டு 4ஆம் நாள் எழுதியது: “சங்கிலி வைத்தது.” 1958இல் மீட்ட அதே சங்கிலி. அது மறுபடி மீண்டதாக அந்நோட்டில் எங்கும் இல்லை.

வண்டியை 1974இல் விற்றோம். 1973ஆம் ஆண்டு அரபு நாடுகளின் போரை ஒட்டி எண்ணெய் விலை ஏறியபின், அந்த ஆறு சிலிண்டருக்குத் தீனி போட எவராலும் முடியவில்லை. வாங்கியவர் அதற்கு டீசல் எஞ்சின் பொருத்தினார். 1979இல் வாகோலிக் கல்குவாரி ஒன்றில், முன்விளக்கு இல்லாமல் அது நிற்கக் கண்டோம். அதன்பின் தெரியாது. விற்ற நாளில் அப்பா டாஷ்போர்டிலிருந்த தகட்டை மட்டும் திருகித் தனியே எடுத்து மூத்தவனிடம் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதன்மேல் பச்சை வண்ணம் தடித்துப் படிந்திருந்தது.

1984இல் ஒருநாள் மண்ணெண்ணெய் விட்டு அத்தகட்டைத் துடைத்தோம். வண்டியின் வகையும் எண்ணும் தெரிந்தன. கீழே, படைக்கு ஒப்படைத்த நாள்: 1945 மே. லீடோ சாலையில் முதல் வண்டித்தொடர் புறப்பட்டதோ 1945 ஜனவரியில். 1943ஆம் ஆண்டு மழையில் இவ்வண்டி பிறக்கவேயில்லை. பரிசு பெற்ற கட்டுரை பொய்யாயிற்று.

தகட்டின்மேல் வண்ணம் பூசியவர் அப்பாவே. எங்களுள் இருவர் அதைக் கண்ணால் கண்டிருக்கிறோம். அவர் எண்ணைப் படித்துவிட்டுத்தான் பூசினாரா என்பதில் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. நடவாததைப் பெருமையாகச் சொன்னவர் நடந்ததை ஏன் மறைத்தார் என்பதிலும் இல்லை. ஒப்பந்தமும் சங்கிலியும் தம்மால் போயின என்ற கூச்சமே காரணம் என்பது தங்கையின் முடிபு. அதைச் சொல்லத்தக்க செய்தியாகவே அவர் கருதவில்லை என்பது மூத்தவனின் முடிபு. நடுவில் உள்ளவர் இரண்டையும் அடித்துவிட்டு, தையல் இயந்திரத்தைத் தலைமேல் வைத்து நீரில் நடப்பது எளிதன்று என்று மட்டும் ஓரத்தில் எழுதியிருக்கின்றார்.

ஆண்டு விழா நாளன்று தகட்டையும் கணக்கு நோட்டையும் மன்றத்து வாயில் மேசைமேல் வைக்கின்றோம். அவ்வண்டியின் நிழற்படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. பழைய திருமணப் படங்களின் ஓரத்திலோ பொங்கல் படங்களிலோ வெள்ளை நட்சத்திரத்தோடு ஒரு பச்சை வண்டி எவர் வீட்டிலேனும் தென்பட்டால், ஒருநாள் இரவல் தருமாறு வேண்டுகின்றோம். பிரதி எடுத்துக்கொண்டு மறுநாளே திருப்பித் தந்துவிடுவோம்.