ராஜா செத்துட்டாராம்!

2022 செப்டம்பர் 8 ராத்திரி எலிசபெத் ராணி இறந்த செய்தி வந்தப்போ எங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த முதல் கேள்வி, "நாளைக்கு லீவா?" என்பதுதான். மத்திய அரசு செப்டம்பர் 11-ம் தேதி ஒரு நாள் துக்கம் அறிவிச்சது. காலண்டரைப் பார்த்தா அது ஞாயிற்றுக்கிழமை! அதோட எங்க பசங்களுக்கு ராணி மேட்டர் முடிஞ்சது.

எனக்கு முடியலை. லண்டன் ராணிக்கு இவ்வளவு பேசுறோமே, எங்க புதுக்கோட்டை ராஜா செத்தப்போ ஊர் என்ன செஞ்சதுன்னு வீட்டில் கேட்க ஆரம்பிச்சேன். கேட்டதுக்குக் கிடைச்சது ஒரு சாவு இல்லை, ரெண்டு. 1928-ல் ஒண்ணு, 1997-ல் ஒண்ணு. ரெண்டு செய்தியையும் கேட்டவங்க எங்க பூட்டி, அதாவது அப்பத்தாவோட அம்மா. திருக்கோகர்ணத்துக்காரங்க. முதல் சாவு நடந்தப்போ அவங்களுக்கு ஏழு வயசு. ரெண்டாவது நடந்தப்போ அவங்க பக்கத்தில் ஏழாங்கிளாஸ் படிச்ச எங்க அத்தை இருந்தாங்க. பூட்டி சொன்னதை அத்தை கேட்டு, அத்தை சொன்னதை நான் கேட்டு எழுதறேன். தேதி, பெயர் எல்லாம் புத்தகத்தில் சரிபார்த்தது.

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. திருச்சி, தஞ்சாவூர், ராமநாதபுரம் ஜில்லாக்களுக்கு நடுவில், வெள்ளைக்காரன் நேரடியா ஆளாத தனி சமஸ்தானமா இருந்தது புதுக்கோட்டை. தொண்டைமான்கள் ஆண்டாங்க. "கட்டபொம்மனைப் பிடிச்சுக் கொடுத்த ஊர்தானே?" என்று தூத்துக்குடி நண்பன் வாரம் ஒரு தடவை கேட்பான். ஆமாம்ப்பா, 1799-ல் பிடிச்சுக் கொடுத்தாங்க, மறுக்க முடியாது. கும்பினியோடு ஒத்துப் போனதால்தான் சமஸ்தானம் பிழைச்சதுன்னும் சொல்லலாம். அந்தச் சண்டைக்கு இன்னொரு நாள் வருவோம்.

1928-ல் இறந்தவர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். 1875-ல் பிறந்து, 1886-ல் பத்து வயசில் பட்டத்துக்கு வந்தவர். முத்துலட்சுமி அம்மையார் (ஆமாம், பின்னால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆனவங்கதான்) ஆண்கள் கல்லூரியில் சேரக்கூடாதுன்னு எதிர்ப்பு கிளம்பினப்போ, சேரட்டும்னு சொன்ன ராஜா இவர். 1915-ல் ஆஸ்திரேலியா போனவர், மோலி ஃபிங்க் என்ற மெல்போர்ன் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். பிரிட்டிஷ் அரசு அவங்களை மகாராணியா ஏத்துக்கவே இல்லை. புதுக்கோட்டைக்கு வந்த கொஞ்ச மாசத்திலேயே மோலிக்கு அரளி கலந்து கொடுத்துட்டாங்கன்னு சந்தேகம் கிளம்பி, ராஜாவும் ராணியும் கிளம்பிட்டாங்க. 1916-ல் ஒரு மகன் பிறந்தார். அவருக்கும் பட்டம் இல்லைன்னு ஆச்சு. கடைசியில் ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டு ராஜா வெளிநாட்டிலேயே தங்கிட்டார். 1922-லிருந்து அவர் சகோதரர் விஜய ரகுநாத துரைராஜா ரீஜண்டா இருந்து நிர்வாகம் பார்த்தார்.

இப்ப பூட்டி பக்கத்திலிருந்து பாருங்க. அவங்க பிறந்தப்பவே ராஜா ஊரில் இல்லை. ராஜா என்பது படத்தில் இருக்கிற ஒரு முகம், அம்மன் காசு மாதிரி ஒரு பேச்சு, அவ்வளவுதான். 1928 மே 28-ம் தேதி பாரிஸ் நகரத்தில் அவர் இறந்துட்டார். சில நாள் கழிச்சு வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருத்தர், "சீமையில ராஜா செத்துட்டாராம்" என்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னாராம். பூட்டியோட அம்மா கேட்ட முதல் கேள்வி, "பொணம் எப்ப வரும்?"

வரலை. லண்டன் கோல்டர்ஸ் கிரீன் என்ற இடத்தில் தகனம் பண்ணிட்டாங்க. இது ஊருக்கு விளங்கவே இல்லையாம். பொணம் பார்க்காம, வாய்க்கரிசி போடாம எப்படி ஒரு சாவு? கொஞ்ச நாள் வரைக்கும் "ராஜா சாகலை, வெள்ளைக்காரன்தான் மறைச்சு வெச்சிருக்கான்" என்று கிணத்தடியில் பேச்சு இருந்ததாம். உண்மையில் மறைக்க ஒண்ணும் இல்லை. ஆனா பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் கண்ணில் படாத ஆள் செத்ததுக்கு எப்படித் துக்கம் கொண்டாடறது? இதுதான் எனக்கு அந்தக் கதையில் மனசைப் பிடிச்ச இடம்.

பூட்டிக்கு இதில் எல்லாம் அக்கறை இல்லை. ஏழு வயசுப் பிள்ளைக்கு அடுத்த செய்திதான் பெரிசு. நவம்பர் மாசம் புது ராஜா வந்தார். பெயர் ராஜகோபாலத் தொண்டைமான். அரச உறவினர் குடும்பத்தில் இருந்து தேர்ந்தெடுத்த பிள்ளை. வயசு ஆறு!

"என்னைவிட சின்னப் பய ராஜாவாம்" என்று பூட்டி அழுதாங்களாம். அவங்களுக்கு ஏன் ராணி பட்டம் தரலைன்னு கேட்டு அடி வாங்கினதா அத்தை சொல்றாங்க. அது அத்தையே சேர்த்த மசாலாவா இருக்கலாம்.

அந்தப் பிள்ளை ராஜா பேருக்குத்தான் ராஜா. நிர்வாகம் எல்லாம் ரீஜண்ட், அப்புறம் அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் மாதிரி அதிகாரிகள் கையில். எல்லாரும் ராஜாவைக் கும்பிட்டுக்கிட்டே இருந்தாங்கன்னு நினைக்காதீங்க, 1931-ல் வரிக்கு எதிரா இதே ஊரில் பெரிய கலவரம் நடந்தது. ஆனா நவராத்திரிக்கு அரிசியும் அம்மன் காசும் தானமா கிடைக்கும். (காமர்ஸ் மாணவன் என்பதால் ஒரு கணக்கு: 20 அம்மன் காசு ஒரு அணா, அப்படின்னா ரூபாய்க்கு 320 காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'.) அந்தக் காசுதான் பூட்டிக்கும் ராஜாவுக்கும் இருந்த ஒரே கொடுக்கல் வாங்கல்.

1948 மார்ச் 3-ம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைஞ்சு, திருச்சி ஜில்லாவில் சேர்ந்தது. ராஜாவுக்கு அப்போ 25 வயசு. 1971-ல் 26-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்து மன்னர் மானியமும் போச்சு, மன்னர் என்ற அங்கீகாரமும் போச்சு. 1974 ஜனவரி 14-ம் தேதி புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது. அவருடைய அரண்மனைதான் கலெக்டர் ஆபீஸ். சாதிச் சான்றிதழ் விஷயமா நான் கால் கடுக்க நின்னது ஒரு ராஜாவின் வாசலில் என்று அப்போ எனக்குத் தெரியாது.

1997 ஜனவரி 16. காணும் பொங்கல். வீட்டில் கறி வெந்துக்கிட்டு இருக்கு. அத்தையும் சித்தப்பாவும் சாயங்காலம் வெளியில் போகப் புதுத்துணி போட்டுத் தயாரா இருக்காங்க. தாத்தா டீக்கடையில் இருந்து வந்து, "ராஜா தவறிட்டாராம்" என்றார்.

அத்தை கேட்டது, "எந்த ராஜா?" அவங்களுக்கு ராஜா என்றால் பாடப்புத்தகத்தில் வர்ற ராஜராஜ சோழன், அதைவிட்டா சினிமா. சொந்த ஊருக்கு ஒரு ராஜா உயிரோட இருந்தார் என்ற விஷயமும், அவர் செத்துட்டார் என்ற விஷயமும் ஒரே வாக்கியத்தில் தெரிஞ்சுக்கிட்டாங்க. "எனக்கு அழுகையும் வரலை, ஒண்ணும் வரலை. இத்தனை நாள் யாருமே சொல்லலியேன்னு கோவம்தான் வந்துச்சு" என்கிறாங்க.

பூட்டி ஒண்ணும் பேசலையாம். எந்திரிச்சுப் போய்த் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டாங்க. சொந்தக்காரங்க செத்தா செய்யற மாதிரி. ஈரத்தலையோட வந்து உட்கார்ந்து, "பாவம், சின்னப் புள்ளை" என்றாங்களாம். செத்தவருக்கு அப்போ 74 வயசு!

கறிச்சோறு சாப்பிடலை. வெளியில் போறதும் ரத்து. தாத்தாவுக்குச் சங்கடம். "அவரு ராஜாவே இல்லைத்தா, சட்டத்துல அதெல்லாம் எடுத்தாச்சு" என்று எடுத்துச் சொல்லிப் பார்த்திருக்கார். "சட்டம் எடுத்தா, கூட வளந்தது இல்லன்னு ஆயிருமா?" என்று பூட்டி கேட்டாங்களாம். அரண்மனைக்குள் ஒரு நாளும் காலெடுத்து வைக்காத பொம்பளை அவங்க.

சித்தப்பா அப்போ நாலாங்கிளாஸ். அவருக்கு ஒரே சந்தேகம்தான். "அப்ப இனிமே யாரு தாத்தா ராஜா?"

"கலெக்டருதாண்டா. அங்கதான உக்காந்திருக்காரு" என்றாராம் தாத்தா.