கணக்கெடுப்பும் விடுதியும்: போடி மலைச்சரிவை முன்வைத்துக் காதுகேளாதோர் கல்வி வரலாறு

புறநானூற்றின் 28ஆம் பாடல் எண்வகை எச்சங்களை அடுக்கும்போது ஊமையையும் செவிட்டையும் தனித்தனியே வைக்கிறது. காலனிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை. 1881 முதல் 1931 வரை அது இரண்டையும் பிணைத்துச் 'செவிட்டூமையர்' என ஒரே இனமாக எண்ணியது. 1941 முதல் 1971 வரை இத்தகைய கணக்கே எடுக்கப்படவில்லை. 1981இல் கணக்கு திரும்பி வந்தபோது முற்றிலும் பார்வையற்றோர், முற்றிலும் உறுப்பு முடங்கியோர், முற்றிலும் பேச இயலாதோர் என்னும் மூவகையினரே அதில் இடம்பெற்றனர். வாய் எண்ணப்பட்டது, காது விடுபட்டது. 1991இல் அதுவும் இல்லை. கேட்டல் குறைபாடு தனி இனமாக இடம்பெற்ற 2001இல் நாடு முழுவதும் 12,61,722 பேர் பதிவாயினர். 2011இல் அத்தொகை 50,71,007. பத்தாண்டுகளில் காதுகேளாமை நான்கு மடங்காகப் பெருகியதாக யாரும் வாதிடமாட்டார்கள். மாறியது வினாவும் வரையறையும்தான்.

பேச்சையே அளவுகோலாகக் கொண்ட இந்தப் பார்வை வகுப்பறையிலும் இருந்தது. 1880இல் மிலான் நகரில் கூடிய காதுகேளாதோர் கல்வி மாநாடு சைகையைப் புறந்தள்ளி வாய்மொழிப் பயிற்சியை உயர்த்தியது. அதன் தாக்கம் உலகெங்கும் பரவிய காலத்தில்தான் இந்தியப் பள்ளிகள் தோன்றின: பம்பாயில் 1885, கல்கத்தாவில் 1893, அதே பத்தாண்டில் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் தொடங்கிய பள்ளி. தென்மாவட்டங்களுக்கு நெடுங்காலம் அடையாளமாக நின்றது கடைசியாகச் சொன்னதே.

உதட்டசைவைப் பார்த்துத் தமிழைப் படிப்பது எத்துணைக் கடினம் என்பதைத் தொல்காப்பியப் பிறப்பியலைக் கொண்டே விளக்கலாம். பகரமும் மகரமும் பிறக்குமிடம் இதழ். இரண்டையும் பிரிப்பது மூக்கொலி. அது கண்ணுக்குப் புலப்படாது. எனவே 'பாலை', 'மாலை' இரண்டும் பார்ப்பவருக்கு ஒன்றே. 'படம்', 'மடம்' இரண்டும் ஒன்றே. ககரம் அடிநாவில் பிறப்பதால் வாய்க்குள்ளேயே மறைந்துவிடுகிறது. லகர, ளகர, ழகரங்களைக் காதுள்ள நாமே குழப்பிக்கொள்கிறோம்! இத்துடன் எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளியையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். பாடநூலில் 'வந்துவிட்டான்' என்று படிக்கும் குழந்தை, வீட்டாரின் உதட்டில் காண்பது 'வந்துட்டான்' என்பதை.

இப்பின்னணியில் போடிநாயக்கனூர்ச் சரிவைப் பார்க்கலாம். இங்குப் போக்குவரத்து சரக்குக்காக அமைந்தது. மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கோட்டகுடிக்கு இறங்கியது. 1928இல் மதுரையிலிருந்து மீட்டர் பாதை போடியை எட்டியது. அப்பாதை அகலப் பாதையாக மாற்றப்படுவதற்காக 2010இன் இறுதியில் மூடப்பட்டு, போடி வரையிலான சேவை 2023 ஜூனில்தான் மீண்டது. ஏலக்காய் ஒரே முறையில் அறுவடையாகும் பயிரன்று. காய் முற்ற முற்ற ஏறத்தாழ நாற்பது, நாற்பத்தைந்து நாள் இடைவெளியில் பல சுற்றுகளாக எடுக்க வேண்டும். இதற்காக ஜீப்புகளில் விடியலுக்கு முன்பே போடிமெட்டு ஏறும் பெண்கள் பொழுது சாயும்போதுதான் இறங்குகின்றனர். காதுகேளாத குழந்தையை நாள்தோறும் நகரத்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்று மீட்டுவர அவர்களுக்கு நேரமேது? பாளையங்கோட்டையோ மதுரையோ எதுவாயினும், விடுதி என்பது இவர்களுக்குப் பள்ளியின் துணை வசதி அன்று. பள்ளிக்குப் போவதன் முன்நிபந்தனை.

விடுதியைப் பிரிவின் இடமாக மட்டும் வாசிப்பது போதாது. காதுகேளாத குழந்தைகளுள் பெரும்பாலோர் காதுகேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். வீட்டில் அவர்களுக்கு முழுமையான மொழி இல்லை. வகுப்பில் உதட்டசைவு கற்பிக்கப்பட்ட பள்ளிகளிலும், விளக்கணைவதற்கு முன் மூத்த பிள்ளைகள் இளையோருக்குச் சைகையைக் கொடுத்தனர் என்பது உலகெங்கும் பதிவான செய்தி. நிகரகுவாவில் 1970களின் இறுதியில் காதுகேளாத பிள்ளைகள் ஒரே பள்ளியில் கூட்டப்பட்டதும், எவரும் கற்பிக்காத புதிய சைகை மொழியே அங்கு உருவானது. இந்தியச் சைகை மொழியை மொழியியல் நோக்கில் முதலில் ஆராய்ந்த மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் உட்வர்ட் குழுவினர் டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் வழக்குகளை எடுத்துக்கொண்டனர். தமிழ்நாட்டு நகரம் எதுவும் அப்பட்டியலில் இல்லை என்பது நமக்கு ஓர் இழப்பே.

மலையின் மறுபக்கம் வேறொரு சிக்கல். 1956இல் தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தில் அமைந்தன. தோட்டக் குடியிருப்புகளில் தங்கிய தமிழ்க் குடும்பத்தின் காதுகேளாத குழந்தைக்கு வீட்டார் உதட்டில் ஒரு மொழி, அரசின் உதட்டில் மற்றொரு மொழி.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டிய விதிகள், தொடக்கப்பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உள்ளடக்கிய கல்வியை வலியுறுத்துவதோடு, சைகை மொழி அறிந்த ஆசிரியர்களையும் கோருகிறது. முதல் விதியை நிறைவேற்றுவது எளிது: அருகிலுள்ள பள்ளியில் பெயரைப் பதிந்துவிட்டால் போதும். ஆனால் முப்பது பிள்ளைகள் பேசும் வகுப்பில் ஒற்றைக் காதுகேளாத குழந்தை, வாரத்தில் சில மணிநேரம் வந்துபோகும் சிறப்பாசிரியரை நம்பி அமர்ந்திருப்பது, பழைய விடுதிப் பிள்ளைக்குக் கிடைத்ததை அதற்குத் தருமா? வீட்டுக்கு அருகே இருப்பதும் மொழிக்கு அருகே இருப்பதும் வெவ்வேறு. பிள்ளையை ஐந்து வயதில் பிரிந்த தாயின் துயரை இக்கட்டுரையாளர் குறைத்து மதிப்பிடவில்லை. போடி போன்ற ஊரில் ஒரு சிறிய அரசுத் தொடக்கப்பள்ளி, மலைக்கிராமப் பிள்ளைகள் பத்துப் பேரையேனும் ஒன்றாகக் கூட்டி, வார இறுதியில் வீட்டுக்கு அனுப்பும் விடுதியோடு இயங்கினால் இவ்விரு தேவைகளும் நெருங்கி வரும்.

இவ்வரலாற்றை எழுத முனைவோர் கணக்கெடுப்பு அறிக்கைகளோடு நின்றுவிடக் கூடாது. பழைய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளில் பிறந்த ஊர், பெற்றோர் தொழில், சேர்ந்தபோதைய வயது ஆகிய மூன்று பத்திகளையும் ஒப்பிட்டால் மலைச்சரிவிலிருந்து யார் வந்தனர், எத்தனை ஆண்டு தாமதமாக வந்தனர் என்பது தெரியவரும். அப்பதிவேடுகளில் இல்லாததை, அவ்விடுதிகளில் வளர்ந்து இன்று முதுமையடைந்திருப்பவர்களிடம்தான் அறிய முடியும். அந்த நேர்காணலைச் சைகையிலேயே நடத்திக் காணொளியாகவே பாதுகாக்க வேண்டும்.