ஏழாம் பிரிவும் இராணுவ நீதிமன்றமும்: மலைநாட்டு மரண தண்டனைகள் பற்றிச் சில குறிப்புகள்

கண்டி உடன்படிக்கை என்றதும் நம் பாடசாலைகளில் எல்லாரும் 5ஆம் பிரிவைத்தான் சொல்வார்கள். பௌத்த மதத்தைப் பாதுகாப்போம் என்று ஆங்கிலேயர் வாக்குக் கொடுத்த பிரிவு அது. பரீட்சைக்கும் அதுதான் வரும். ஆனால் 1815 மார்ச் 2ஆந் திகதி கண்டி மகுல் மடுவவில் வாசிக்கப்பட்ட அந்த ஆவணத்தில் 6ஆம், 7ஆம் பிரிவுகளும் இருக்கின்றன. 6ஆம் பிரிவு சித்திரவதையையும் உடலுறுப்புகளை வெட்டுவதையும் ஒழித்தது. 7ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. தேசாதிபதியின் எழுத்து மூலமான ஆணை இல்லாமல் எவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது, அப்படியான வழக்குகள் அரசின் பிரதிநிதி முன்னிலையிலேயே விசாரிக்கப்பட வேண்டும் என்றது.

இந்தப் பிரிவுகள் சும்மா வந்தவை அல்ல. அதற்கு முந்தைய வருடம், 1814இல், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் எஹலப்பொலவின் பிள்ளைகளைச் சிரச்சேதம் செய்வித்தான். தாய் எஹலப்பொல குமாரிஹாமியைப் போகம்பறைக் குளத்தில் மூழ்கடிக்க வைத்தான். இந்தக் கதை கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு கொடுங்கோலனிடமிருந்து குடிகளை மீட்க வந்தோம் என்று தேசாதிபதி பிரவுன்றிக் சொல்வதற்கு அது போதுமாக இருந்தது. அதாவது ஆங்கிலேயன் மலைநாட்டுக்குள் நுழைந்ததற்குச் சொன்ன நியாயங்களில் முதன்மையானது, மரண தண்டனையைச் சட்டத்துக்குள் கொண்டு வருவோம் என்பதுதான்.

மூன்று வருடம்கூட அது தாங்கவில்லை.

நான் படிப்பிக்கும் வலப்பனை, கண்டிக்கும் ஊவாவுக்கும் இடையில் கிடக்கும் நிலம். மேலே இராகலை, உடபுசல்லாவைப் பக்கம் தேயிலை, கீழே பள்ளத்தாக்குகளில் வயல். இன்றைக்குத் தேயிலைக் கண்ணோடு பார்க்கிறவர்களுக்கு இது தோட்டப் பிரதேசம். ஆனால் 1818இல் இங்கே ஒரு தேயிலைச் செடியும் கிடையாது. 1817இன் பிற்பகுதியில் வெல்லஸ்ஸவில் தொடங்கிய கிளர்ச்சி அடுத்த வருடம் ஊவாவைத் தாண்டி வலப்பனை, ஹேவாஹெட்ட, கொத்மலை, தும்பறை என்று பரவியபோது, இந்தப் பள்ளத்தாக்குகள் அதன் நடுவில் இருந்தன. ஆங்கிலேயப் படை வீடுகளை எரித்தது, நெல்லை அழித்தது, மாடுகளைக் கொன்றது, பழ மரங்களைத் தறித்தது. படையோடு இருந்த வைத்தியர் ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட தன் நூலில், மலைநாட்டார் பக்கம் இறந்தவர்கள் பத்தாயிரம் அளவில் இருக்கலாம் என்று கணக்கிட்டார். போரில் செத்தவர்கள் மட்டுமல்ல, பட்டினியிலும் நோயிலும் போனவர்களும் அதில் அடக்கம்.

இராணுவச் சட்டம் பிரகடனமானதும் 7ஆம் பிரிவு ஓரத்துக்குப் போனது. நாட்டு வழக்கப்படியான விசாரணை போய், படை அதிகாரிகள் உட்கார்ந்த இராணுவ நீதிமன்றம் வந்தது. ஆயுதம் எடுத்தவன் இராஜத்துரோகி. அவனோடு எதைப் பேசுவது? தமிழ் படித்தவன் என்ற வகையில் இந்தச் சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துரோகம் செய்வதற்கு முதலில் ஒரு விசுவாசம் இருந்திருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் வந்த அரசனுக்கு, அவன் முகத்தையே பார்த்திராத வலப்பனைக் குடியானவன் எப்போது விசுவாசம் வைத்தான்?

இனி, நம்மவர்கள் பேசத் தயங்கும் இடத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "சேர், ஹாஜி மரைக்கார் எங்கட ஆளா?" என்று கேட்டான். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பக்கத்துச் சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளோடு கிரிக்கெட் விளையாடப் போன இடத்தில் யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள், வெள்ளைக்காரனுக்கு ஆள் காட்டியவன் உங்கட ஆள்தான் என்று.

எங்கட ஆள்தான். அதை மறைக்க ஒன்றும் இல்லை. வெல்லஸ்ஸ முஸ்லிம்கள் அங்கே நேற்று வந்தவர்கள் அல்ல. கண்டி அரசர் காலத்திலேயே தவளம் நடத்தியவர்கள். மாட்டு முதுகில் உப்பையும் பாக்கையும் ஏற்றிக் கணவாய்களைக் கடந்தவர்கள். மடிகே என்ற அந்தப் போக்குவரத்துப் பிரிவு அரசனின் நிர்வாகத்துக்குள் ஓர் அங்கம். மலைநாட்டுத் திசாவைகளின் கீழ் இருந்த இந்த மக்களைப் பிரித்தெடுத்து, ஹாஜியை வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்கு முகாந்திரமாக நியமித்தது ஆங்கிலேய நிர்வாகம். மில்லவைத் திசாவையின் அதிகாரம் அந்த அளவுக்குக் குறைந்தது. கிளர்ச்சிக்கான காரணங்களில் இந்த நியமனத்தையும் வரலாற்றாசிரியர்கள் சேர்க்கிறார்கள். அரசுரிமை கோரி ஒருவர் தோன்றியிருக்கிறார் என்ற செய்தி வந்ததும், அவரைப் பிடிக்க ஹாஜியைத்தான் அனுப்பினார்கள். அவர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து, பதுளையிலிருந்து போன உதவி வதிவிடப் பிரதிநிதி வில்சன் அம்பு பட்டு இறந்தார். அதன் பிறகுதான் பெருங்கலகம்.

ஹாஜியைத் தியாகி ஆக்க எனக்கு ஆசையில்லை. அவர் ஓர் அரசின் உத்தியோகத்தர். அந்த அரசுக்காகப் போன இடத்தில் இறந்தார். ஆனால் அதே வருடம் ஊவாத் திசாவையாக இருந்த கெப்பெட்டிப்பொலையும் அதே அரசின் உத்தியோகத்தர்தான், அதே வேலைக்குத்தான் அவரும் அனுப்பப்பட்டார் என்பதை யாரும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. அவர் போய், கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்து, அரசு தந்த துவக்குகளைத் திருப்பி அனுப்பினார். அது பெரிய காரியம், சந்தேகமில்லை. ஒருவர் பக்கம் மாறியதால் வீரர் ஆனார், மற்றவர் பக்கம் மாறச் சந்தர்ப்பம் கிடைக்கும் முன்பே முடிந்து போனார். மலைநாட்டுப் பிரபுக்களில் கடைசி வரை ஆங்கிலேயரோடு நின்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய சாதிக்கோ ஊருக்கோ அந்தப் பெயர் ஒட்டவில்லை. எங்களுக்கு மட்டும் ஒட்டிவிட்டது. மாணவனுக்கு இதைத்தான் சொன்னேன்.

கெப்பெட்டிப்பொலை 1818 ஒக்டோபர் கடைசியில் அநுராதபுரப் பக்கம் பிடிபட்டார். கண்டியில் இராணுவ நீதிமன்றம் விசாரித்தது. நவம்பர் 26ஆந் திகதி போகம்பறையில் அவருக்கும் மடுகல்லைக்கும் சிரச்சேதம். இடத்தைக் கவனியுங்கள். கெப்பெட்டிப்பொலை வேறு யாருமல்ல, எஹலப்பொல குமாரிஹாமியின் சகோதரர். சகோதரியை மூழ்கடித்த குளத்துக்கு அருகே, அந்தக் கொடுமையைச் சொல்லி நாட்டைப் பிடித்தவர்கள் நாலே வருடத்தில் அவருடைய தலையை வெட்டினார்கள். கூட இருந்து எழுதியவர் படை வைத்தியர் ஹென்றி மார்ஷல். அந்த மண்டையோடு ஸ்கொட்லாந்தின் எடின்பரோவுக்குப் போனது. தலையின் வடிவத்தை வைத்துக் குணத்தை அளக்கும் ஒரு சங்கத்தில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். 1954இல்தான் அது கண்டிக்குத் திரும்பியது.

2016 டிசெம்பரில் அதே மகுல் மடுவவில், 1818இன் வர்த்தமானியில் துரோகிகள் என்று பெயர் போடப்பட்ட 19 பேரையும் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தேசிய வீரர்களாகப் பிரகடனம் செய்தார். நல்ல காரியம். ஆனால் அதே ஜனாதிபதிதான் 2019 ஜூனில், போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்ற நால்வரைத் தூக்கிலிடும் ஆணையில் கையெழுத்து வைத்துவிட்டேன் என்றும் அறிவித்தார். 1976க்குப் பிறகு இந்த நாட்டில் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. அலுகோசு வேலைக்குப் பத்திரிகை விளம்பரம் கொடுத்து ஆள் தேடினார்கள். உயர் நீதிமன்றம்தான் தடுத்து நிறுத்தியது.

1848 மாத்தளைக் கலகத்தை இங்கே விரிக்கவில்லை. வரிக்கு எதிராக எழுந்தவர்களை இராணுவ நீதிமன்றம் சுட்டது, புரன் அப்புவையும், காவியுடையோடு ஒரு பிக்குவையும். இலண்டன் பாராளுமன்றம் விசாரித்தது, டொரிங்டன் பதவியை விட்டுப் போனார். 67 வருடம் கழித்து அந்தப் பாடம் மறந்து போயிற்று என்பதுதான் நமக்கு முக்கியம்.

1915 மே 28, வெசாக் இரவு, கண்டியில் தொடங்கிய கலவரத்தில் அடிபட்டவர்கள் நாங்கள். கம்பளை வலஹாகொட தேவாலயப் பெரஹெர பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா என்ற வழக்கு அதற்கு முன்னமே நீதிமன்றம் ஏறியிருந்தது. கண்டி மாவட்ட நீதிபதி தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்த்தார், 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அரசாங்கக் கணக்கின்படி 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், 17 பள்ளிவாசல்கள் எரிந்தன, நாலாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. பெரும்பாலும் கரையோர முஸ்லிம்களின் கடைகள். இவை எங்கள் வீடுகளில் இன்றும் பேசப்படும் கதைகள்.

எங்கள் வீடுகளில் குறைவாகப் பேசப்படுவது அடுத்து நடந்தது. ஜூன் 2ஆந் திகதி இராணுவச் சட்டம் வந்தது. கலவரம் சில நாட்களில் அடங்கிவிட்டது, இராணுவச் சட்டம் ஓகஸ்ட் 30 வரை நீடித்தது. பஞ்சாப் படையினரும், ஆயுதம் கொடுக்கப்பட்ட ஐரோப்பியத் தோட்டத்துரைமாரும் வியாபாரிகளும் கண்ட இடத்தில் சுட்டார்கள். மதுவிலக்கு இயக்கத்தில் இருந்த சிங்களத் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். டீ. எஸ். சேனாநாயக்க அவர்களில் ஒருவர். நகரக் காவற்படைக் கப்டன் ஹென்றி பெதிரிஸ் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, ஜூலை 7ஆந் திகதி வெலிக்கடையில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 26. ஊர் அமைதியாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் ஒரு துப்பாக்கி வரிசை எந்தப் பள்ளிவாசலைக் காப்பாற்றியது?

கலவரக்காரர்களில் கொலைகாரர் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்தார்கள். கைம்பெண்களான நம் உம்மாமாருக்கு நியாயம் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் சந்தேகம் வந்தால் தண்டனையைத் தவிர்க்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் ஆரம்பப் பாடம். சாட்சியை எத்தனை நிபந்தனையோடு ஏற்க வேண்டும் என்று மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். சில நாட்களில் விசாரித்து, மேன்முறையீடு இல்லாமல் சுட்டதை எங்களுக்குக் கிடைத்த நீதி என்று எப்படி ஏற்பது? சட்டசபையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அந்த அநியாயங்களை எதிர்த்துப் பேசியதை நம் முன்னோர் பலர் நமக்கு எதிரான பேச்சாகவே எடுத்துக்கொண்டார்கள். கடை எரிந்த சூட்டில் அப்படித் தோன்றியது இயல்பு. இராமநாதன் எங்கள் இழப்பைப் போதிய அளவு எடை போடவில்லை என்பதும் உண்மை. என்றாலும் இராணுவச் சட்டத்தைப் பற்றி அவர் சொன்னது சரி.

அரசு அதோடு நிற்கவில்லை. முஸ்லிம்களுக்கு நட்டஈடு கொடுக்க ஒரு சட்டம் கொண்டு வந்து, கலவரம் நடந்த பகுதிகளின் சிங்களக் குடிகளிடம் கூட்டாக வசூலித்தது. சூறையாடியவனும் கொடுத்தான், முஸ்லிம் அயலவனை வீட்டில் ஒளித்து வைத்தவனும் கொடுத்தான். அதிகாரிகளுக்கோ, இராணுவச் சட்ட காலத்தில் செய்தவற்றுக்கு வழக்கு இல்லை என்று ஓகஸ்டிலேயே பாதுகாப்பு ஆணை வந்துவிட்டது. 1817இல் ஹாஜிக்குக் கொடுத்த பதவியும், 1915இல் எங்கள் பெயரால் வைத்த வெடியும் ஒரே வேலையைச் செய்தன. கொன்றவன் கப்பலேறிப் போய்விட்டான். கணக்கை எங்களிடம் கேட்கிறார்கள். கொழும்பு ஹெவ்லொக் வீதி இசிபதனாராமயவை பெதிரிஸின் தந்தை மகன் நினைவாகக் கட்டினார். அந்தப் பக்கம் போகும் நம் வாலிபர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கதை தெரியும்?

தோட்டத்துப் பிள்ளைகளும் என் வகுப்பில் இருக்கிறார்கள் என்பதால் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். வலப்பனைக்குப் பக்கத்து ஹேவாஹெட்டவில், முல்லோயாத் தோட்டத்தில், 1940 ஜனவரியில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் துவக்கால் இறந்தார். விசாரணை ஆணைக்குழுவில் அவர் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். தொழிலாளர் மீதான வழக்கைத் தள்ளி வைக்கச் சொன்ன அமைச்சருக்கும் தேசாதிபதிக்கும் முறுகல் வந்து, மந்திரி சபையே இராஜினாமாச் செய்தது. அந்தக் கொலைக்கு ஒருவரும் தூக்குமேடை ஏறவில்லை. அடுத்த வருடம் புசல்லாவை ஸ்டெலன்பேர்க் தோட்டத்தில் தொழிற்சங்கப் பூசலுக்கு நடுவில் துரை போப் கொல்லப்பட்டார். வீராசாமி, வேலாயுதன் என்ற இரண்டு தொழிலாளர் தூக்கிலிடப்பட்டார்கள்.

கொலை கொலைதான். அதை நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள். கெப்பெட்டிப்பொலையையும் பெதிரிஸையும் கொன்றது இராணுவச் சட்டம். ஆகவே அது அரசியல் என்று பின்னால் வந்தவர்களால் சொல்ல முடிந்தது, வர்த்தமானியைக் கிழிக்க முடிந்தது. வீராசாமியையும் வேலாயுதனையும் கொன்றது சாதாரண நீதிமன்றம், சாதாரண கொலை வழக்கு. லயத்துச் சம்பளமும், சங்கம் வைத்ததற்காக வந்த பகையும் அந்தத் தீர்ப்புக்கு வெளியே நின்றுவிட்டன. வாக்குரிமையே 1948இலும் 1949இலும் வந்த சட்டங்களால் பறிபோன ஒரு சமூகத்துக்கு, மகுல் மடுவவில் யார் வர்த்தமானி வாசிப்பது? மலையகத் தொழிற்சங்க மேடைகளில் வருடா வருடம் கோவிந்தனோடு சேர்த்து அந்த இரண்டு பெயர்களையும் சொல்கிறார்கள். வரலாற்றை நான் கற்பிக்கும்போது, பாடம் 1818க்கு வரும் அன்றே இந்த மூன்று பெயர்களையும் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன், பெதிரிஸின் பெயருக்குக் கீழே.