முதுமை மாக்குலா சிதைவு

விழித்திரையின் நடுவிலுள்ள மாக்குலா என்னும் சிறு பகுதி சிதைந்து மையப் பார்வை குன்றும் நோய். பெரும்பாலும் 50 வயதைக் கடந்தோருக்கு வரும். எழுத்தும் முகமும் மங்கும். நேர்கோடு வளைந்து தெரியும். பக்கப் பார்வை பொதுவாக எஞ்சும்.

வகைகள்: உலர் வகை மெல்ல வளரும். ஈர வகையில் விழித்திரைக்கு அடியில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிவதால் பார்வை விரைந்து கெடும்.

ஊசி சிகிச்சை: ஈர வகையில் இக்குழாய்களைத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். புரதத்தைத் தடுக்கும் மருந்து கண்ணுக்குள் செலுத்தப்படுகிறது. இத்தகைய மருந்துகளான ரானிபிசுமாப் 2006இலும் அஃப்லிபெர்செப்ட் 2011இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. புற்றுநோய் மருந்தான பெவாசிசுமாபும், விலை குறைவு என்பதால் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. கண்ணை மரக்கச் செய்து, போவிடோன் அயோடினால் தூய்மைப்படுத்தி, கருவிழி ஓரத்திலிருந்து 3.5–4 மி.மீ. தள்ளி வெண்விழி வழியே வழக்கமாக 0.05 மி.லி. மருந்து செலுத்துவர். தொடக்கத்தில் பெரும்பாலும் மாதம் ஒன்றாக 3 ஊசிகள். பிறகு கண்ணின் நிலைக்கேற்ப இடைவெளி கூட்டப்படும்.

அன்றாட வாழ்வு: ஊசிக்குப் பின் உறுத்தலும் சிவப்பும் வரலாம், பொதுவாகத் தானே தணியும். வலி மிகுந்தாலோ பார்வை குறைந்தாலோ கிருமித்தொற்றாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவரை அணுக வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக நேர்கோடுகள் கொண்ட ஆம்ஸ்லர் கட்டத்தை ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தால் மாற்றத்தை முன்பே அறியலாம். நல்ல வெளிச்சமும் உருப்பெருக்கியும் வாசிப்புக்குத் துணை. புகைபிடிப்பதை விடுவது அவசியம். ஊசி நோயை வேரறுப்பதில்லை. தவணை தவறாமல் போட்டுக்கொள்வதே எஞ்சிய பார்வைக்குக் காவல்.