குயக்கலம்: ஒரு சொல்லும் இறுதிக்கால வாசிப்பும்

கிறித்தவத் திருமறையின் கடைசி நூல் பழைய தமிழ்த் திருப்புதலில் 'வெளிப்படுத்தின விசேஷம்' என்றும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் 'திருவெளிப்பாடு' என்றும் வழங்குகிறது. இரண்டு பெயர்களும் 'மூடியதை விலக்கிக் காட்டுதல்' என்று பொருள்படும் 'அப்போகலிப்சிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தவை. இந்நூலின் 2ஆம் அதிகாரத்து 27ஆம் வசனத்தில், இருப்புக்கோலால் நாடுகள் ஆளப்படுவதும் அவை கலங்களைப்போல் நொறுங்குவதும் ஒருசேரச் சொல்லப்படுகின்றன. அக்கலங்களுக்கு மூலநூல் இட்டிருக்கும் அடைமொழி 'கெரமிகா' என்பதாகும். இன்று விருத்தாசலம் வட்டாரத்தின் அடையாளமாக வழங்கும் 'செராமிக்' என்ற சொல்லின் மூல உரு இதுவே. புதிய ஏற்பாடு முழுவதிலும் இது இந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிறது.

இச்சொல்லுக்கு வேர் 'கெரமோஸ்'. குயவன் வனையும் மண், அம்மண்ணால் ஆன கலம், கூரை வேயும் ஓடு ஆகிய மூன்றையும் கிரேக்கர் அந்த ஒரே சொல்லால் குறித்தனர். குயவன் 'கெரமெயுஸ்', குடம் 'கெரமியோன்'. ஏதென்சு நகரில் குயவர் வாழ்ந்த பகுதியும் அதை ஒட்டிய இடுகாடும் 'கெரமெய்கோஸ்' எனப்பட்டன. தாழி வனைபவனைப் புறநானூற்றுப் புலவர்கள் இறப்பின் வேளையில் விளித்துப் பாடியிருப்பதை நினைத்தால், குயவன் சேரியும் இடுகாடும் அடுத்தடுத்து அமைந்தது தமிழ் வாசகருக்கு வியப்பாக இராது. புதிய ஏற்பாட்டில் இச்சொற்குடும்பம் பரவிக் கிடக்கிறது. திமிர்வாதக்காரனை இறக்குவதற்காக லூக்கா நற்செய்தியில் பிரிக்கப்படும் கூரை கெரமோஸ்; மாற்கு நற்செய்தியில் ஒருவன் சுமந்து செல்லும் தண்ணீர்க்குடம் கெரமியோன்; யூதாஸ் எறிந்த வெள்ளிக்காசுகளால் வாங்கப்பட்ட நிலம் கெரமெயுஸ் என்பவனுடையது. தமிழில் இவை முறையே ஓடு, குடம், குயவன் எனத் தனித்தனிச் சொற்களாகிவிட்டன. கிரேக்கக் காதுக்குக் கேட்ட உறவொலி தமிழில் கேட்காமற்போனது மொழியின் இயல்பேயன்றி மொழிபெயர்த்தவர் குற்றமன்று.

தமிழிலும் இப்பொருளுக்குச் சொற்குறை இல்லை. கூழுக்கும் சேற்றுக்கும் இடைப்பட்ட குழைவைக் குறிப்பது 'களி'. நீர் பட்டால் அவ்வாறு குழையும் மண் களிமண். வனைந்து காயவைத்தது பச்சைக்கலம். சூளையில் வெந்தது சுட்ட கலம். 'கலம்' என்ற சொல்லோ பாத்திரம், மரக்கலம், அணிகலன், தானிய அளவு எனப் பல பொருளில் விரிவது. 'பாண்டம்' வடமொழியிலிருந்து வந்தது. வெண்மையும் வழவழப்பும் உடைய கலத்தைக் குறிக்கும் 'பீங்கான்', கிண்ணத்தைக் குறிக்கும் பாரசீகப் 'பிங்கான்' என்ற சொல்லோடு தொடர்புடையது. அரபியரின் காப்பிக் கிண்ணமான 'ஃபின்ஜான்', மலாய் மொழியில் தட்டைக் குறிக்கும் 'பிங்கான்' ஆகியவையும் அதன் சுற்றமே. நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் கிடைக்கும் வெண்களிமண்ணையும் அரசு அமைத்த தொழிற்பேட்டையையும் துணையாகக் கொண்டு விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்தபோது, ஐரோப்பிய மொழிகளில் சுற்றிவந்த கெரமிகோஸ் 'செராமிக்' என்ற உருவில் இந்த மண்ணில் இறங்கியது. அவ்வூரின் பெயரும் முதுகுன்றம் என்ற தமிழ்ப்பெயர் விருத்தாசலம் என வடமொழிக்குப் பெயர்க்கப்பட்டதே. ஊர்ப்பெயரும் தொழிற்பெயரும் ஒருங்கே மொழிபெயர்ப்பின் வரலாற்றைச் சுமப்பது இங்குக் குறிக்கத்தக்கது.

வெளிப்படுத்தலில் வரும் கலத்தின் பின்னே 2ஆம் சங்கீதத்தின் கலம் இருக்கிறது. அரசனாக அமர்த்தப்பட்டவன் பகைநாடுகளை இருப்புக்கோலால் நொறுக்குவான் என்று கூறும் அப்பாடலில், எபிரெயம் 'கெலி யோட்ஸேர்', அதாவது 'வனைபவனின் கலம்', என்கிறது. இவ்விடத்திற்குப் பழைய திருப்புதல் தேர்ந்தெடுத்த சொல் 'குயக்கலம்'. செறிவும் தமிழ்மையும் உடைய இச்சொல்லில் கலத்தோடு அதை வனைந்தவனும் உடன் நிற்கிறான். எகிப்தில் 12ஆம் அரசமரபின் காலத்திலேயே பகைவர் பெயர்களைக் கலங்களில் எழுதி உடைக்கும் சடங்கு இருந்தது. சங்கீதத்தின் உவமைக்கு அவ்வழக்கம் பின்புலமாகலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

சங்கீதத்திலிருந்து வெளிப்படுத்தலுக்கு வரும் வழியில் ஒரு வினைச்சொல் மாறிவிட்டது. எபிரெயம் பண்டு உயிர்க்குறிகள் இன்றி மெய்யெழுத்துகளால் மட்டுமே எழுதப்பட்டது. உயிர்க்குறிகள் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரே சேர்க்கப்பட்டன. இப்பாடலின் வினையை ஒருவகை உயிரொலியோடு படித்தால் 'நொறுக்குவாய்' என்றும், வேறுவகையில் படித்தால் 'மேய்ப்பாய்' என்றும் பொருள் தரும். கிறித்துவுக்கு முன்னரே எழுந்த கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவாகிந்து இரண்டாவதைக் கொண்டது. வெளிப்படுத்தலை எழுதிய யோவானும் அதைப் பின்பற்றி 'மேய்ப்பான்' என்றே எழுதினார். ஆகவே வெளிப்படுத்தலின் கோல் முதற்கண் இடையனின் கோல். மந்தையை ஓநாயிடமிருந்து காக்க அதற்கு இரும்புப் பூண் வேண்டியிருக்கிறது. தமிழில் இவ்வினை 'ஆளுவான்' என்று அமைந்ததால் இடையன் மறைந்து அரசன் மட்டும் எஞ்சினான். இறுதிக்காலத்தை வெறும் தண்டனையாக வாசிக்கும் பழக்கத்திற்கு இச்சிறு மாற்றமும் துணைபோயிருக்கிறது.

இதே வசனத்தில் குயவனும் மறைந்தான். பழைய திருப்புதல் இங்கே குயக்கலத்தை விட்டு 'மண்பாண்டங்கள்' என்ற சொல்லை ஆண்டிருக்கிறது. கிரேக்க வாசகர் சங்கீதத்தில் 'கெரமெயுஸ்' என்றும் வெளிப்படுத்தலில் 'கெரமிகா' என்றும் கேட்டு, பின்னது முன்னதன் எதிரொலி என்று உடனே அறிவர். குயக்கலம் என்று ஓரிடத்திலும் மண்பாண்டம் என்று மற்றோரிடத்திலும் படிக்கும் தமிழருக்கோ அடிக்குறிப்பின் உதவி வேண்டும்.

இவ்வெதிரொலி எந்த ஊரை நோக்கி எழுப்பப்பட்டது என்பதும் கருதற்குரியது. இருப்புக்கோல் இந்நூலின் 12ஆம், 19ஆம் அதிகாரங்களில் மீண்டும் வருகிறது. உடையும் கலம் அங்கெல்லாம் இல்லை. அது தியத்தீரா சபைக்கு எழுதிய மடலில் மட்டுமே உள்ளது. இன்று துருக்கியில் அகிசார் என வழங்கும் தியத்தீரா தொழிற்கூட்டங்களால் பெயர்பெற்ற ஊர். சாயக்காரர், தோல் பதனிடுவோர், வெண்கலக் கன்னார், அப்பம் சுடுவோர் ஆகியோருடன் குயவரின் கூட்டமும் அங்கு இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. இரத்தாம்பரம் விற்ற லீதியாள் அவ்வூராள் என அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. தொழிற்கூட்டத்தின் விருந்துகளில் படையலுணவு பரிமாறப்பட்டதால், அதை உண்பதா, பிழைப்பை இழப்பதா என்ற நெருக்கடி அங்குள்ள கிறித்தவருக்கு அன்றாடம் இருந்தது. மடலின் கண்டனம் முழுவதும் அந்நெருக்கடியையே சுற்றி நிற்கிறது. சூளையில் வெடித்த கலங்களின் ஓட்டுக்குவியலை நாள்தோறும் கண்ட மக்கள் 'கெரமிகா' என்ற சொல்லை எவ்வாறு கேட்டிருப்பர் என்பதை விருத்தாசலத்துத் தொழிலாளி ஒருவர் எளிதில் உணர்வார்.

ஆயினும் 19ஆம் நூற்றாண்டில் பரவிய ஒரு வாசிப்புமுறை இந்த ஊரையே கரைத்துவிட்டது. பிரதரன் இயக்கத்தின் ஜான் நெல்சன் டார்பியும் அவர் வழிவந்தோரும் வெளிப்படுத்தலின் மடல்களைப் பெற்ற ஏழு சபைகளையும் திருச்சபை வரலாற்றின் ஏழு காலங்களாகக் கொண்டு, தியத்தீராவை இடைக்கால ரோமச் சபையாகக் கண்டனர். அவ்வியக்கத்தின் அந்தோணி நாரிஸ் குரோவ்சிடம் பயின்றவரும், 1860இல் திருநெல்வேலிப் பகுதியில் எழுந்த எழுப்புதலுக்கு முன்னின்றவருமான அருளப்பனார் வழியாக இரண்டாம் வருகை பற்றிய எதிர்பார்ப்பு தமிழ்க் கிறித்தவரிடையே ஆழ்ந்து பரவியது. அவ்வெதிர்பார்ப்பின் உண்மைத்தன்மையில் ஐயமில்லை; ஆனால் குயவரும் சாயக்காரரும் உழைத்த ஓர் ஊரை ஒரு காலக்கட்டத்தின் பெயராக மட்டும் சுருக்கும்போது, மடல் யாருடைய வயிற்றுப்பாட்டைப் பற்றிப் பேசிற்றோ அவர்களே அதிலிருந்து வெளியேற்றப்படுகிறார்கள்.

இரும்பும் மண்ணும் எதிர்ப்படும் மற்றோர் இடம் தானியேல் நூலின் 2ஆம் அதிகாரம். நேபுகாத்நேச்சார் கனவில் கண்ட சிலையின் பாதங்கள் பாதி இரும்பு, பாதி களிமண். 407ஆம் ஆண்டளவில் உரை எழுதிய எரோணிமுஸ் இதை உரோமைப் பேரரசு என்றும், அயல்குடிகளின் துணையை நாடிய தம் காலத்து உரோமையின் தளர்ச்சியே அம்மண் என்றும் கொண்டார். அவருக்கு முன் வாழ்ந்த மெய்யியலாளர் போர்பிரி, இந்நூல் செலூக்கிய அரசன் அந்தியோக்கு எப்பிபானின் காலத்தது என்று வாதிட்டார். அவ்வழிச் செல்லும் இக்கால ஆய்வாளர் இரும்பும் மண்ணும் கலத்தலைத் தாலமி, செலூக்கிய அரசகுடும்பங்களுக்கிடையே நடந்த மணவுறவுகளாகக் காண்கின்றனர். தமிழகத்தில் இந்த அதிகாரத்திற்குத் தனி வாழ்வு உண்டு. அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை 1857இல் தொடங்கிய இந்து கிறிஸ்தவ சபை சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டது. அச்சபை இருந்த நாசரேத்துப் பிரகாசபுரத்திற்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழாம் நாள் அட்வெந்து சபையார் வந்தனர். அவர்களுடைய போதனையில் இச்சிலை முதற்பாடம்: பாபிலோன், மேதிய–பெர்சியா, கிரேக்கம், ரோமாபுரி, பின்னர் பிளவுண்ட ஐரோப்பிய அரசுகள்.

எந்த வாசிப்பைக் கொண்டாலும் அம்மண் பச்சையா, சுட்டதா என்ற கேள்வி முந்தி நிற்கிறது. மூலத்தின் அரமேயச் சொல் 'ஹஸஃப்'. அது பெரும்பாலும் சுட்ட மண்ணையும் ஓட்டையும் குறிப்பது. சிலை விழும்போது இம்மண்ணும் மற்ற உலோகங்களோடு நொறுங்கிக் களத்துப் பதராய்ப் பறக்கிறது. ஈரக் களிமண் நசுங்குமேயன்றி அவ்வாறு நொறுங்காது. சூளையில் ஏறத்தாழ 500 பாகை செல்சியசைத் தாண்டும்போது களிமண்ணின் கட்டமைப்பில் பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடுவதால், அதன் பின் எவ்வளவு நீர் ஊற்றினாலும் அது குழையாது. பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டுமா என்ற பழமொழி இவ்வறிவின் மேல் எழுந்தது. எரேமியாவின் நூலும் இவ்வேறுபாட்டை அறிந்தே பேசுகிறது: 18ஆம் அதிகாரத்தில் கெட்டுப்போன பச்சைக்கலத்தைக் குயவன் சக்கரத்தில் வைத்து வேறு கலமாக வனைகிறான், 19ஆம் அதிகாரத்தில் சுட்ட கலத்தைத் தீர்க்கதரிசி உடைக்கும்போது அது இனிச் செப்பனிட முடியாதது எனப்படுகிறது. எச்சரிக்கைக்கும் தீர்ப்புக்கும் இடையே நிற்பது சூளை.

'களிமண்' என்ற தமிழ்ச்சொல் தானியேலில் சூளையை மறைக்கிறது. 'மண்பாண்டம்' வெளிப்படுத்தலில் குயவனை மறைக்கிறது. முன்னதை மாற்றுவது எளிதன்று, ஏனெனில் அவ்வதிகாரத்திலேயே 'சேற்று மண்' என்று பொருள்படும் சொல்லும் ஹஸஃபோடு சேர்ந்து வந்து உரையாளரைக் குழப்புகிறது. பின்னதற்கு அத்தகைய தடை ஏதும் இல்லை. தியத்தீராவின் மடலில் 'குயக்கலங்கள்' என்று திருத்தி அச்சிடுவதற்கு வேண்டிய சொல், அதே வேதப்புத்தகத்தின் சங்கீதப் பகுதியில் ஏற்கெனவே இருக்கிறது.