விரட்டிய வைரஸ் ஏன் திரும்பி வந்தது?



சென்ற ஆடி மாதம் நம் சங்க அலுவலகக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பராமரிப்புக் கட்டண ரசீதுகள் இரண்டு வாரம் தாமதமானதற்கு அதுதான் காரணம். எந்தப் பென் டிரைவைச் செருகினாலும் அதிலுள்ள ஃபோல்டர்கள் மறைந்து, அதே பெயரில் ஷார்ட்கட்டுகள் வந்து நின்றன. டெக்னீஷியன் வந்தார், சுத்தம் செய்தார், 800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். பத்து நாளில் மறுபடி அதே கதை. மறுபடி அவர், மறுபடி 800 ரூபாய்.

மூன்றாவது முறை வந்தபோது அவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, என் சட்டைப் பையைப் பார்த்தார். "சார், அந்தப் பென் டிரைவைக் கொஞ்சம் கொடுங்க" என்றார். அதில்தான் இருந்தது. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கக் கொண்டுபோன பென் டிரைவ் அது. ஒவ்வொரு முறை சுத்தம் செய்த பிறகும் கணக்குகளை அதிலிருந்துதான் திரும்ப ஏற்றினேன். ஆக, வைரஸை வாசல் வரை கூட்டி வந்து உள்ளே விட்டவன் நானே. இதை ஒப்புக்கொண்டுதான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும்.

முப்பத்தேழு வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். மாதக் கடைசியில் பேரேட்டைக் கூட்டும்போது வித்தியாசம் விழுந்தால், அதைச் சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் எந்த வவுச்சரில் தப்பு நுழைந்தது என்று கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த மாதமும் அதே வித்தியாசம் வந்து நிற்கும். இந்தப் பாடம் தெரிந்த எனக்கே கம்ப்யூட்டர் விஷயத்தில் அது உறைக்கவில்லை. அதனால் வைரஸ்களின் பழைய வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததில் ஒன்று தெளிவாயிற்று. சுத்தம் செய்யும் வழி பெரும்பாலும் சீக்கிரமே கிடைத்துவிடுகிறது. வந்த வழியை அடைக்காததுதான் ஒவ்வொரு முறையும் ஆளைக் கவிழ்த்திருக்கிறது.

பிளாப்பி காலம்

ஐ.பி.எம். ரகப் பெர்சனல் கம்ப்யூட்டர்களைத் தாக்கிய முதல் வைரஸ் 1986-ல் லாகூரில் பிறந்தது. பெயர் பிரெயின். பாசித், அம்ஜத் என்ற அண்ணன் தம்பி இருவர் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார்கள். தாங்கள் எழுதிய மென்பொருளை மற்றவர்கள் திருட்டு நகல் எடுப்பதைத் தடுக்கவே இதை எழுதியதாகச் சொன்னார்கள். வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், விலாசம், தொலைபேசி எண் எல்லாம் போட்டிருந்தார்கள்! திருடன் விசிட்டிங் கார்டு வைத்துவிட்டுப் போன மாதிரி.

அது பிளாப்பியின் முதல் பகுதியில், கம்ப்யூட்டர் எழும்போது முதலில் படிக்கும் இடத்தில், உட்கார்ந்துகொண்டது. அந்தப் பிளாப்பியை வைத்துக் கம்ப்யூட்டரைத் தொடங்கினால் வைரஸ் நினைவகத்தில் ஏறிவிடும். அதன் பிறகு செருகும் பிளாப்பிகளுக்கெல்லாம் தொற்றும். எழுதவிடாமல் தடுக்கும் ஸ்டிக்கர் ஒட்டிய சுத்தமான பிளாப்பியால் கம்ப்யூட்டரைத் தொடங்கி, மற்ற பிளாப்பிகளை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தால் தீர்ந்தது. ஆனால் மேஜை டிராயரில் ஒரே ஒரு பிளாப்பி தப்பிவிட்டால்? எல்லாம் மறுபடி முதலிலிருந்து. என் பென் டிரைவ் கதை அன்றே நடந்து முடிந்திருக்கிறது.

தானே திரும்பி வந்த புழு

1988 நவம்பர் 2 அன்று, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் ஒரு புரோகிராமை இணையத்தில் அவிழ்த்துவிட்டார். இதற்குப் பிளாப்பி வேண்டாம். கம்பி வழியாகத் தானே ஊர்ந்து போகும். அதனால்தான் இதைப் புழு என்கிறார்கள். மென்பொருள் ஓட்டைகள் வழியாகவும், எளிதில் யூகிக்கக்கூடிய பாஸ்வேர்டுகள் வழியாகவும் அது நுழைந்தது.

நுழைந்த இடத்தில் தன் நகல் ஏற்கெனவே இருக்கிறதா என்று அது விசாரிக்கும். "இருக்கிறது" என்று பொய்யாகப் பதில் சொல்லித் தன்னைத் தடுத்துவிடுவார்களோ என்று மாரிஸ் பயந்தார். அதனால் ஏழில் ஒரு தடவை, பதில் என்னவாக இருந்தாலும் தங்கிவிடும்படி எழுதினார். அந்த ஏழில் ஒன்றுதான் வினையானது. ஒரே கம்ப்யூட்டரில் நகல்கள் மேல் நகல்கள் குவிந்து இயந்திரங்கள் திணறின. அணைத்துப் போட்டால் போய்விடும். ஆனால் இணைப்பில் இருந்தால், ஓட்டை அப்படியே இருப்பதால், அடுத்த இயந்திரத்திலிருந்து மறுபடி வந்துவிடும். அதற்குப் பின்தான் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'செர்ட்' என்ற அவசர உதவி அமைப்பு தொடங்கப்பட்டது. நம் நாட்டின் 'செர்ட்-இன்' 2004-ல் செயல்பட ஆரம்பித்தது.

நம் குடியிருப்பில் கரப்பான் பூச்சிக்கு ஒரு வீட்டில் மட்டும் மருந்து அடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். சாக்கடைக் குழாய் வழியாகப் பக்கத்து வீட்டுப் பூச்சி குடிவந்துவிடும். நெட்வொர்க்கும் அப்படித்தான்.

புகைப்படத்தின் பெயரில்

2000-ம் ஆண்டு மே 4. பிலிப்பைன்ஸிலிருந்து 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் ஒரு ஈமெயில் உலகம் முழுவதும் பரவியது. கூடவே ஒரு காதல் கடிதம் இணைப்பாக வந்தது. கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளை விண்டோஸ் மறைத்துவிடும் என்பதால், புரோகிராமான அந்த இணைப்பு சாதாரணக் கடிதம் போலவே தெரிந்தது. திறந்தவுடன் உங்கள் முகவரிப் புத்தகத்தில் உள்ள எல்லோருக்கும் அது தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. தெரிந்தவரிடமிருந்து வந்த கடிதம் என்பதால் மற்றவர்களும் திறந்தார்கள்.

இன்னும் கொடுமை என்னவென்றால், கம்ப்யூட்டரில் இருந்த புகைப்படங்களை அழித்து, அவற்றின் பெயரில் தன் நகல்களை வைத்தது. வைரஸ் போய்விட்டது என்று நிம்மதியாக ஒரு கல்யாண போட்டோவைத் திறந்தால், அதுவே வைரஸ்! அப்போது பிலிப்பைன்ஸில் இதற்கென்று சட்டம் இல்லாததால் எழுதியவருக்குத் தண்டனை கிடைக்கவில்லை. நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது.

பூட்டு தயாராக இருந்தும்

அடுத்த மூன்று கதைகளைத் தேதிகளோடு கவனியுங்கள். மூன்றிலும் ஓட்டையை அடைக்கும் 'அப்டேட்' முன்கூட்டியே வந்துவிட்டது.

பிளாஸ்டர்: 2003 ஜூலை 16 அன்று மைக்ரோசாஃப்ட் அப்டேட் வெளியிட்டது. புழு ஆகஸ்ட் 11 அன்று வந்தது. எதையும் கிளிக் செய்ய வேண்டாம், இணையத்தில் இணைத்தாலே போதும். திரையில் அறுபது வினாடிகள் எண்ணிவிட்டுக் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். சுத்தம் செய்து, அப்டேட் வாங்க இணையத்தை இணைத்தால், அப்டேட் இறங்குவதற்குள் மறுபடி தொற்றிவிடும். இணைப்பதற்கு முன்பே ஃபயர்வாலைப் போட வேண்டும் என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. 2004-ல் வந்த எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 2 ஃபயர்வாலைத் தானாகவே இயங்கும்படி செய்தது.

கான்ஃபிக்கர்: அப்டேட் 2008 அக்டோபர் 23 அன்று வந்தது. புழு நவம்பரில் வந்தது. சில வாரங்களில் அது பென் டிரைவ் வழியாகவும் பரவக் கற்றுக்கொண்டது. விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவிடும், ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்களைத் திறக்கவிடாது. நோய் வந்தவரை மருந்துக்கடைக்கே போகவிடாமல் வாசலில் மறிப்பது போல. பென் டிரைவைச் செருகியதும் தானாக ஓடும் 'ஆட்டோரன்' வசதியை, பழைய விண்டோஸ்களில் மைக்ரோசாஃப்ட் 2011 பிப்ரவரியில் அப்டேட் மூலம் முடக்கியது. அதன் பிறகு, நம் அலுவலகத்துக்கு வந்த ஷார்ட்கட் வகை வைரஸ்கள் நாமே கிளிக் செய்வதற்காகக் காத்திருக்கின்றன. நானும் கிளிக் செய்தேன்.

வான்னாக்ரை: அப்டேட் 2017 மார்ச் 14. தாக்குதல் மே 12. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் பிட்காயின் கேட்டது. 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் சிக்கின. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகளே தள்ளிப்போயின. தனியாக நகல் எடுத்து வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

இன்றைய திருடன்

இன்று வருபவை பெரும்பாலும் ஓசையில்லாமல் வருகின்றன. திருட்டு மென்பொருள், 'இலவச' பி.டி.எஃப். கருவி, பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் என்று பல வேடம். பிரவுசரில் நாம் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போய்விடும். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்துவிடலாம். போன பாஸ்வேர்டு போனதுதானே?

இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. நம் சங்கத்தின் வங்கிக் கணக்கு பாஸ்வேர்டு அந்தக் கம்ப்யூட்டரில்தான் சேமிக்கப்பட்டிருந்தது. பெயின்டிங் வேலைக்காக நீங்கள் எல்லோரும் மூன்று வருடமாகக் கட்டிய பணம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. நல்லவேளை, ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. அன்றிரவே பொருளாளர் வீட்டுக் கதவைத் தட்டி, அவர் லேப்டாப்பில் பாஸ்வேர்டை மாற்றினோம்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் சந்தேகம் வந்தால்

1. முதலில் இணையத்தைத் துண்டியுங்கள், வைஃபையை அணையுங்கள். மாரிஸ் புழு கற்றுக்கொடுத்த பாடம்.

2. வேறொரு நல்ல கம்ப்யூட்டரிலோ போனிலோ ஈமெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும்படி ஈமெயிலில் வசதி உண்டு. அதையும் அழுத்துங்கள். தொற்றிய கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு பாஸ்வேர்டு மாற்றுவது திருடன் எதிரில் புதுப் பூட்டின் சாவியைக் காட்டுவது போல.

3. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் டிஃபெண்டர் 'ஆஃப்லைன் ஸ்கேன்' இருக்கிறது. திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு அதை ஓட்டுங்கள். விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்பே தேடுவதால், ஒளிந்திருப்பதும் அகப்படும். கால் மணி நேரம் போல ஆகும். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன.

4. தெரியாத புரோகிராம்களையும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களையும் நீக்குங்கள். அப்படியும் தொல்லை தொடர்ந்தால், நல்ல கம்ப்யூட்டர் ஒன்றில் தயாரித்த பென் டிரைவிலிருந்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். கடிதங்கள், படங்கள், கணக்குகளை மட்டும் ஸ்கேன் செய்து திரும்ப ஏற்றுங்கள். பழைய புரோகிராம் கோப்புகள் வேண்டாம்.

5. பிறகு வந்த வழியைத் தேடுங்கள். வீட்டில் உள்ள எல்லாப் பென் டிரைவ்களையும் ஸ்கேன் செய்யுங்கள். டிராயரில் கிடப்பதையும்தான். அப்டேட் தானாக வரும்படி வையுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதையே வைத்திருப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டு ஒரு முடிவு எடுங்கள்.

6. தினசரி வேலைக்கு 'ஸ்டாண்டர்டு' கணக்கைப் பயன்படுத்துங்கள். பல புரோகிராம்களைப் புதிதாக நிறுவ அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கேட்கும். வங்கியில் கிளார்க் எழுதிய வவுச்சரில் ஆபீசர் கையெழுத்து விழுந்தால்தான் பணம் நகரும். அதே முறைதான் இது.

7. முக்கியமானவற்றை வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, எடுத்தவுடன் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் பூட்டும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாமல் உடனே 1930-ஐ அழையுங்கள்.

நம் அலுவலகக் கம்ப்யூட்டரில் இப்போது இந்த ஏழும் நடைமுறையில் இருக்கின்றன. மேஜை மேல் ஒரு சிறு நோட்டு வைத்திருக்கிறேன். யார் பென் டிரைவ் கொண்டுவந்தாலும் ஸ்கேன் செய்து, தேதி போட்டு, கையெழுத்து வாங்கிய பிறகுதான் திறப்போம். தலைவராக இருந்தாலும் சரிதான். முதல் பக்கத்தில் முதல் கையெழுத்து என்னுடையது.